என் மகன் தினமும் இரண்டு பாட்டில் கோலா குடிக்கிறான். கோலாவுக்குப் பதில் மாம்பழ பான பாட்டில் கொடுக்கலாமா?

மாற்றினாலும் உங்கள் மகன் குடிக்கிற சர்க்கரையின் அளவு குறையாது. இரண்டிலுமே 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம்.

பாட்டிலின் பின்புறம் பாருங்கள்; 100 மில்லிக்கான கணக்கு இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் இரண்டரையால் பெருக்குங்கள். 25 கிராம் வந்தால் ஐந்தாறு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் இதற்குள் இருப்பது நல்லது என்கிறது. அவன் தினமும் இரண்டு பாட்டில் குடிக்கிறான் என்கிறீர்கள்.

வேலூர் வெயிலில் காட்பாடி டியூஷன் முடித்து சைக்கிளில் வருகிற பையனுக்கு அது பெரும்பாலும் வெறும் தாகம்தான். ஒரு வாரம் பெரிய பாட்டிலில் நீர்மோர் கொடுத்தனுப்பிப் பாருங்கள். திட்டாதீர்கள், அப்புறம் ஒளித்துக் குடிப்பான்.

ஆனால் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல், இரவில் அடிக்கடி சிறுநீர் போய், எடையும் குறைந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பரிசோதனை செய்துவிடுங்கள்.