ஒரிஜினல் எது மாஸ்டர்?

(நாகர்கோவில் கிதார் ஆசிரியர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: காலேஜில் படித்தபோது அனிமல்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு பாடிய ‘தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ கேசட் வைத்திருந்தேன். இப்போது கிதார் படிக்கும் என் மகன், அதே பாட்டை ஆளுக்கொரு விதமாகப் பாடியிருப்பதை யூடியூபில் காட்டுகிறான். அனிமல்ஸ்தானே ஒரிஜினல்?
– வாசகர், கருங்கல்

பதில்: இல்லை சார், அதுவே ஒரு கவர்தான், அதாவது முன்பே இருந்த பாட்டை மறுபடி பாடியது. அவர்கள் பாடியது 1964இல். 1933இலேயே கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ரெக்கார்டு போட்டுவிட்டார். 1937இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போய், ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடியதைப் பதிவு செய்தார். முதலில் கட்டியது யாரென்று யாருக்கும் தெரியாது. நம்ம பக்கத்துக் கோயில் கொடையில் முத்துப்பட்டன் கதையை வில்லில் பாடுகிறார்களே, ஒரு புலவர் நீட்டும் இடத்தை இன்னொருவர் சுருக்குவார். ஒரிஜினல் எங்கே என்று அங்கே யார் கேட்கிறார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேவ் வான் ராங்க் என்ற நியூயார்க் பாடகர் இந்தப் பாட்டுக்குத் தனியாக ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை அமைத்திருந்தார். பாப் டிலன் அதை அப்படியே எடுத்து, 1962இல் வந்த தன் முதல் ஆல்பத்தில் பாடிவிட்டார். அப்புறம் வான் ராங்க் மேடையில் பாடினால், டிலனைப் பார்த்துப் பாடுகிறார் என்றார்கள். வெறுத்துப்போய் நிறுத்திவிட்டார். அனிமல்ஸ் பாட்டு ஹிட்டானதும் டிலனுக்கும் அதே கதி, அவரும் நிறுத்தினார்!

அனிமல்ஸ் சும்மா காப்பி அடிக்கவில்லை. டிலன் பாடியதில் கதை சொல்பவள் கெட்டுப்போன ஒரு பெண், அவள் காதலன் சூதாடி. இவர்கள் பாடுகிறவனை ஆணாக்கி, சூதாட்டத்தை அப்பன் தலையில் கட்டினார்கள். அவர்களின் கிதார்காரர் ஹில்டன் வாலன்டைன் கார்டுகளை ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசித்தார், ஆலன் பிரைஸின் ஆர்கன் பின்னாலிருந்து ஏறிக்கொண்டே போகும். ஒரே டேக்கில் முடிந்த பதிவு. ஆனால் லேபிளில் இசை அமைப்பு என்று பிரைஸ் பெயர் மட்டுமே அச்சாகி, ராயல்டியும் அவருக்கே போனது. அந்த கிதாரை வாசித்தவருக்கு இது அநியாயம் என்பது என் கட்சி.

பின்னால் வந்ததில் ஃப்ரிஜிட் பிங்க் குழு 1970இல் ஃபஸ் கிதாரை (ஒலியைக் கரகரப்பாக்கிய கிதார்) போட்டு உறுமவிட்டது. எனக்கு அது பாதிக்கு மேல் ஓடாது. அமெரிக்கக் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் 1980இல் பாட்டை மறுபடி பெண் குரலுக்குக் கொண்டுவந்தார். அதை மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: அவன் எதை வைத்துப் பழகலாம்?

பதில்: வாலன்டைனை வைத்துத்தான். ஏ மைனர், சி, டி, எஃப், திஸ்ர நடை. சர்ச் கொயரில் கீர்த்தனை பாடிய பிள்ளை என்றால் தாளம் தானாக வந்துவிடும். சிக்கல் எஃப்பில்தான். விரல் எட்டாத பிள்ளைகளுக்கு நான் முழு பார் (ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்துவது) போடச் சொல்வதில்லை, கீழே இருக்கும் மெல்லிய நான்கு கம்பி போதும். வேகம் வேண்டாம், பைய வாசிக்கட்டும்.

கேள்வி: கல்லூரி விழாவில் இதே பாட்டை எங்கள் பேண்ட் பாடப்போகிறது. அச்சு அசலாக வாசிக்க வேண்டுமா?
– மாணவி, மார்த்தாண்டம்

பதில்: பாடப்போவது நீங்கள் என்றால் டிலன் பாடிய வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரரிடம் ஆர்கன் டோனை மூன்றாவது சரணம் வரை தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.