மேற்படிப்பா, வேலையா: அதற்கு முன் மாமாவின் எட்டு லட்சம்

கேள்வி: இந்த ஆண்டு பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடிக்கிறேன். ஆண்டுக்கு 4.2 லட்சம் ரூபாய் சம்பளத்தில் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கவும் இடம் கிடைத்துள்ளது. மொத்தச் செலவு 42 லட்சம். அப்பாவுக்கு விசைத்தறியில் செலவு போக மாதம் 45,000 ரூபாய் நிற்கும். கல்விக் கடனுக்குப் பதிலாக வீட்டை அடமானம் வைத்து 50 லட்சம் வாங்கலாம், எட்டு லட்சத்தைத் தன் தொழிலுக்குக் கொடுத்தால் அதற்கான தவணையைத் தானே கட்டுகிறேன், கடனில் கையெழுத்தும் போடுகிறேன் என்கிறார் தாய்மாமா. ஏற்கெனவே இரண்டு முறை அம்மாவின் நகையை அடகு வைத்து அவருக்குக் கொடுத்தோம்; ஒன்று இன்னும் மீளவில்லை. அக்கா திருமணத்துக்கு அவர் உதவியதால் மறுக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, ஈரோடு

பதில்: எம்.எஸ். படிப்பின் நன்மைகளை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அமெரிக்கா அல்ல, வேறொருவரின் தேவைக்கு உங்கள் வீட்டின் பெயரில் கடன் வாங்கும் பழக்கம். முதலில் நகையில் தொடங்கிய அது, இப்போது வீட்டுப் பத்திரத்துக்கு வந்திருக்கிறது.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். அடமானக் கடன் 50 லட்சம், வட்டி 10.5 சதவீதம், 15 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபாய். பணம் கைக்கு வந்த அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். மாமா தன் பங்கான சுமார் 9,000 ரூபாயை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும் மீதி 46,000. அப்பாவின் வருமானமோ 45,000. அதாவது, நீங்கள் விமானம் ஏறிய மாதத்திலிருந்து வீட்டில் அரிசி வாங்கவும் பணம் இருக்காது. மாமா தவறினால் வங்கி அவரையும் கேட்கும்தான், ஆனால் ஏலத்துக்கு வருவது உங்கள் வீடு.

கல்விக் கடனிலும் இந்தத் தொகைக்கு அரசு வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்கும் என்பது உண்மை. ஆயினும் கல்லூரிக் கட்டணம் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும். படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்த பிறகே தவணை தொடங்கும். உறவினர் யாரும் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது என்பதால்தான் மாமாவுக்கு அந்தக் கடன் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்காகக் கல்விக் கடன் வாங்கி உடனே புறப்படுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நான்கு பருவங்களில் பிரித்து வாங்கினாலும், தவணை தொடங்கும் நாளில் 42 லட்சத்தின் மீது ஏழரை லட்சத்துக்கு மேல் வட்டி சேர்ந்திருக்கும். பிறகு 15 ஆண்டுக்கு மாதம் 55,000 ரூபாய் கட்ட வேண்டும். டாலரில் சம்பளம் வந்தால் சமாளிக்கலாம். ஆனால் தொழில்நுட்பப் பட்டத்துக்கு அங்கே படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள், தொடர்ந்து அங்கே வேலை செய்ய அனுமதிக்கும் எச்-1பி விசா கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு 65,000 விசாக்கள், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000; விண்ணப்பங்கள் இதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கல்தான். குலுக்கலில் பெயர் வராமல் இந்தியா திரும்பி மாதம் 70,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால் தவணை போக 15,000 மிஞ்சும். இந்த நிலையையும் தாங்கும் கடனை மட்டுமே வாங்க வேண்டும். 42 லட்சம் அப்படிப்பட்டதல்ல.

எனவே, வேலையில் சேருங்கள். கையில் மாதம் சுமார் 30,000 வரும். பகிர்ந்து தங்கும் விடுதியில் இருந்தால் 12,000 சேமிக்கலாம், இரண்டு ஆண்டில் மூன்று லட்சத்துக்கு அருகில் வரும். அதே காலத்தில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதுங்கள். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஐஐடி, என்ஐடி போன்றவற்றில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வெளிநாடுதான் வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பாருங்கள்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வெளிநாட்டினரிடம் கட்டணம் வாங்குகிறது.

இலவச ஆலோசனை என்று அழைக்கும் வெளிநாட்டுக் கல்வி மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பலவற்றுக்குப் பல்கலைக்கழகங்களே கமிஷன் தருகின்றன. முதல் சம்பளம் வந்ததும், காப்பீட்டையும் முதலீட்டையும் கலந்த யூலிப் திட்டத்தை விற்க யாராவது வருவார்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது வங்கியில் மாதாமாதம் போடும் தொடர்வைப்பும் (ஆர்.டி.) ஒரு மருத்துவக் காப்பீடும்தான்.

மாமாவுக்கு அப்பாதான் பதில் சொல்ல வேண்டும், உங்கள் அம்மாவைச் சொல்ல வைக்காதீர்கள். திருமண உதவிக்குக் கைம்மாறு செய்வதானால் ஒரு தொகையைத் தீர்மானித்து, கடன் வாங்காமல், தறி வருமானத்திலிருந்து மாதாமாதம் கொடுக்கட்டும். அதற்கு முன் அடகில் இருக்கும் நகையை மாமா மீட்டுத் தரட்டும். சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம். சென்னை நிறுவனத்தின் பணி ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு கட்டாயம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.