கண்ணை அளப்பதற்கு முன்பே கடனா?

கேள்வி: எனக்கு வயது 26. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு 34,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு 10,000, நகைச் சீட்டுக்கு 5,000 கொடுக்கிறேன். ஸ்கூட்டர் தவணை 3,650 (இன்னும் 20 மாதம்), போன் தவணை 2,400 (இன்னும் 2), தம்பிக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப் தவணை 2,950 (இன்னும் 5). பஸ், சாப்பாடு, அலுவலகத்துக்குத் தினமும் போடும் லென்ஸ் எல்லாம் சேர்த்து என் கைச்செலவு 6,000 ஆகும்.

தை மாதத்துக்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நிற்கிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துத்தான் பின்வாங்குகிறார்களாம். என் பவர் இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.25, சிலிண்டர் 0.75. போன வருடம் 4.5 இருந்தது. அலுவலகத்தில் நடந்த இலவச முகாமில் கார்னியா கனம் 505 என்று எழுதி, லேசர் செய்யலாம் என்றார்கள். பேக்கேஜ் 1,08,000. வட்டியில்லாத் தவணை, மாதம் 9,000 வீதம் 12 மாதம். மொத்தமாகக் கட்டினால் 96,000. செயலியில் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது, இன்னும் பணம் போகவில்லை. தேதி பிடிக்க 5,000 முன்பணம் கட்டியிருக்கிறேன். தம்பிக்கும் சேர்த்துச் செய்தால் 15 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். அவன் ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறான். தெரிந்தவர் ஒருவர், பவரைக் கூட்டி எழுதி வாங்கினால் இன்ஷூரன்ஸில் எடுத்துவிடலாம் என்கிறார். மாதம் 9,000 என்றால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சரியில்லை. ஆனால் அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வரவு செலவு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கடிதத்திலேயே எல்லாம் இருக்கிறது, கூட்டிப் பார்க்காததுதான் குறை. சம்பளம் 34,000. தவணைகள் 9,000, வீடு 10,000, சீட்டு 5,000, கைச்செலவு 6,000. மிச்சம் 4,000. இதில் 9,000 எப்படி அடங்கும்? முதல் இரண்டு மாதம் தலா 5,000 துண்டு விழும். போன் தவணை முடிந்த பிறகும் மூன்று மாதம் தலா 2,600 குறையும். மொத்தம் 17,800. இது கிரெடிட் கார்டில்தான் ஏறும், வேறு வழியில்லை. கார்டில் பாக்கி நின்றால் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

ஸ்கூட்டர், போன், லேப்டாப், இப்போது கண் என்று நான்கு முறையும் நீங்கள் விலையைப் பார்க்கவில்லை, மாதத் தொகையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பழக்கம் போனில் காட்டும் கெடுதல் பணத்தோடு போய்விடும். கண் விஷயத்தில் அப்படியில்லை. கடன் ஒப்புதலாகி, தேதி பிடித்து, முன்பணமும் கட்டிய பிறகு பரிசோதனை மேசையில் உட்காருகிறவருக்கு "இப்போது வேண்டாம்" என்ற பதிலைக் கேட்க மனம் வராது. ஆனால் நல்ல மருத்துவர் உங்களிடம் அந்தப் பதிலைச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகம்.

காரணம் உங்கள் பவர். ஒரே வருடத்தில் முக்கால் ஏறியிருக்கிறது. லேசருக்கு முன் குறைந்தது ஒரு வருடம் பவர் நிலையாக இருக்க வேண்டும், அரை டயாப்டருக்கு (பவரை அளக்கும் அலகு) மேல் மாறியிருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. ஏறிக்கொண்டிருக்கும் பவரை இன்று சரிசெய்தால், சிகிச்சைக்குப் பிறகும் அது ஏறும். கடைசித் தவணை கட்டும் மாதத்தில் மறுபடியும் மைனஸ் 0.75 கண்ணாடி வாங்க நேரலாம்.

இரண்டாவது, அந்த முகாம் அளவு. நீங்கள் தினமும் லென்ஸ் போடுகிறவர். லென்ஸ், கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவின் வடிவத்தையே கொஞ்சம் அழுத்தி மாற்றி வைத்திருக்கும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான வகை என்றால் மூன்று நான்கு வாரம் அல்லது அதற்கும் மேல் கழற்றி வைத்த பிறகு எடுக்கும் அளவைத்தான் நம்பலாம். அலுவலகத்துக்கு லென்ஸோடு வந்து, முகாமில் கழற்றி, பத்து நிமிடத்தில் அளந்த எண்ணை வைத்து லேசரை ஓட்ட முடியாது.

அந்த 505ஐ இப்போதைக்கு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கார்னியாவின் சராசரி கனம் 540 மைக்ரானை ஒட்டி இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). உங்களுடையது அதைவிட மெல்லியது. லாசிக் என்ற லேசர் முறையில் முதலில் மேலே 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மடல் வெட்டித் திறப்பார்கள். பிறகு அடியிலிருந்து ஒரு டயாப்டருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் வீதம் லேசர் சீவி எடுக்கும். உங்களுக்கு 5.25ம் 0.75ம் சேர்த்து 6, அதாவது 84 மைக்ரான். 505இல் 110ஐயும் 84ஐயும் கழித்தால் 311 மிஞ்சுகிறது. அடியில் 250க்குக் கீழே போகவே கூடாது, 300 இருந்தால் நிம்மதி என்பார்கள். அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் மடலும் சீவியதும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 38 சதவீதம் ஆகிறது. 40ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் யோசிப்பார்கள். இன்னும் முக்கால் பவர் ஏறினால் தாண்டிவிடும். பின்னால் ஒருமுறை திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் அதற்கும் இதே திசுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். அளவுக்கு மீறி மெலிந்த கார்னியா, அல்லது முன்பே பலவீனமாக இருந்த கார்னியா, நாளடைவில் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரலாம். அதன்பின் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. சிகிச்சைக்கு முன் டோபோகிராபி என்ற வரைபடம் எடுப்பது இந்த பலவீனத்தைக் கண்டுபிடிக்கத்தான். முகாமில் அதை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

கண்ணுக்கு முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர், நான் பில்லைப் பார்க்கிறவன். ஆனாலும் பேக்கேஜின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். "பிளேடு இல்லாதது" என்று மூன்று வெவ்வேறு சிகிச்சைகளையும் விற்கலாம். மடலை லேசராலேயே வெட்டும் ஃபெம்டோ லாசிக், மடலே இல்லாமல் சின்னத் துளை வழியாக உள்ளிருந்து திசுவை உருவி எடுக்கும் ஸ்மைல், மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் பழைய பிஆர்கே, மூன்றிலும் பிளேடு கிடையாது. மெல்லிய கார்னியாவுக்குப் பல நேரம் பொருத்தமாக இருப்பது பட்டியலில் பெரும்பாலும் விலை குறைந்த பிஆர்கேதான். அதில் மூன்று நான்கு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும். வலியை விளம்பரத்தில் போட முடியாதே, அதனால் மருத்துவமனையில் பேக்கேஜை விளக்கும் கவுன்சலர் அதைக் கடைசியில்தான் சொல்வார். ஸ்மைலில் பவர் கொஞ்சம் மிஞ்சினால் திருத்தத்துக்குப் பெரும்பாலும் பிஆர்கேக்குத்தான் வர வேண்டும். அந்தத் திருத்தம் பேக்கேஜில் அடக்கமா, எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். "ஆயுள் உத்தரவாதம்" என்று அட்டையில் இருப்பது எழுத்து ஆகாது.

பில்லில் வராத செலவும் உண்டு. லாசிக்குக்குப் பிறகு கண் வறட்சி சகஜம், மூன்று முதல் ஆறு மாதம் சொட்டு மருந்து ஓடும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் மாதம் ஒன்றாவது ஆகும். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை என்பதால் வறட்சி உங்களுக்குக் கூடுதலாகத் தெரியும். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும் முதல் சில மாதங்களில் பலருக்கு உண்டு. சிலருக்கு நிரந்தரமாகவும் நின்றுவிடுகிறது. லாசிக் என்றால் இரண்டு மூன்று நாள், பிஆர்கே என்றால் ஒரு வாரம் விடுப்பு வேண்டும். சம்பளப் பிடித்தம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இனி கடனுக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. 2013லேயே ரிசர்வ் வங்கி இதைச் சொல்லிவிட்டது. மொத்தமாகக் கட்டினால் 96,000 என்பதுதான் உண்மை விலை. மீதி 12,000 வட்டி. அதோடு செயலாக்கக் கட்டணம் இருக்கும். 1,999 என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு 2,359. ஆக 14,359 கூடுதல். 96,000த்துக்கு இது 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி 27 சதவீதத்தை ஒட்டி வருகிறது. என் கணக்கை நம்ப வேண்டாம். கடன் கொடுப்பவர் முக்கிய விவரத் தாள் ஒன்று கொடுத்தாக வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அச்சாகியிருக்கும். செயலியில் "ஏற்கிறேன்" என்று தொடுவதற்கு முன் வருகிற, யாரும் படிக்காத பக்கம் அது.

கடன் ஒப்பந்தம் மருத்துவமனையோடு இல்லை, நிதி நிறுவனத்தோடு என்பதையும் மறக்காதீர்கள். பணம் மருத்துவமனைக்குப் போன பிறகு "உங்களுக்கு ஒத்துவராது" என்று மருத்துவர் சொன்னால், மருத்துவமனை அந்தப் பணத்தை நிதி நிறுவனத்துக்குத் திருப்பி, கணக்கை மூடும்வரை தவணை உங்கள் வங்கியிலிருந்துதான் போகும். கோபத்தில் நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிபடும்.

இன்ஷூரன்ஸ் யோசனை சொன்ன அந்தத் தெரிந்தவரிடம் இனி பணம் பற்றிப் பேசாதீர்கள். 7.5 டயாப்டருக்குக் கீழே உள்ள பார்வைக் குறைக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு. உங்களுடையது 6. கூட்டி எழுதி வாங்குவது மோசடி. பிடிபட்டால் இந்த க்ளெய்ம் மட்டும் போகாது, பாலிசியே ரத்தாகும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் தனி விதி ஏதாவது இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள், அவ்வளவுதான் நேர்வழி.

தம்பிக்கான தள்ளுபடியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு, லாசிக்கோ பார்வைக் குறைக்கான வேறு அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. அவர் எந்தப் பதவிக்குப் படிக்கிறார் என்று பாருங்கள். 15 சதவீதத் தள்ளுபடிக்காக ஒரு வேலையின் கதவை அடைத்துவிடக் கூடாது. லேப்டாப் தவணையே அக்கா தலையில் இருக்கும்போது அவர் கண்ணும் அக்கா கணக்கிலா?

லேசர் செய்தால் செலவு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், கணக்கு இதுதான். நீங்கள் லென்ஸுக்கும் கரைசலுக்கும் எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. மாதம் 800 என்றால் வருடம் 9,600. போட்ட 96,000 திரும்ப வர பத்து வருடம், உங்களுக்கு 36 வயது. நாற்பதைத் தாண்டியதும் படிக்கும் கண்ணாடி எல்லோருக்கும் வரும், லேசர் அதைத் தடுக்காது. வெறும் கண்ணாடியோடு ஒப்பிட்டால் போட்ட பணம் திரும்பவே திரும்பாது. ஆசைப்பட்டுச் செய்யும் செலவு இது. ஆசையில் தவறில்லை. அதை முதலீடு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், போதும்.

மருத்துவர் கேட்கும் அந்த ஒரு வருடமே உங்கள் பணத்துக்கும் போதும். இப்போது மிஞ்சும் 4,000த்தை இரண்டு மாதம் ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டால் 8,000. போன் தவணை முடிந்ததும் 6,400 வீதம் மூன்று மாதம், 19,200. லேப்டாப்பும் முடிந்த பிறகு 9,350 வீதம் ஏழு மாதம், 65,450. பன்னிரண்டு மாதத்தில் 92,650, வட்டி ஒன்றிரண்டாயிரம் தனி. தொகை மாறிக்கொண்டே போவதால் ஒரே டெபாசிட்டைக் கூட்ட முடியாது, ஒவ்வொரு தவணை முடியும்போதும் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். இடையில் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும், லென்ஸைக் கழற்றி இரண்டு வாரம் கழித்து, ஒரே இடத்தில் பவர் பாருங்கள். பவர் எழுதிய தாளைத் தேதி போட்டு வாங்கி வையுங்கள். நிலையாக நின்றால் செய்துகொள்ளலாம். அதற்குள் கல்யாணமாகிக் கர்ப்பம் என்றால் தாய்ப்பால் நிறுத்தும்வரை தள்ளிப்போடச் சொல்வார்கள், அப்போது பவர் ஆடும்.

எப்போது செய்தாலும் சிகிச்சைக்கு முந்தைய பவர், கார்னியா வரைபடம், எவ்வளவு சீவினார்கள் என்ற தாள் ஆகியவற்றை நகலெடுத்து நிலப் பத்திரத்தோடு வையுங்கள். அறுபது வயதில் கண்புரை வந்து உள்ளே லென்ஸ் வைக்கும்போது அந்த எண்கள் கேட்கப்படும்.

சித்தியிடம், பவர் நிற்கவில்லை, டாக்டர் ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறார் என்று சொல்லுங்கள். பொய்யில்லை, முறையான பரிசோதனைக்குப் போனால் அதைத்தான் சொல்வார்கள். பெண் பார்க்க வருகிற நாளில் கண்ணாடியோடு உட்காருவதா, லென்ஸோடு உட்காருவதா என்பது உங்கள் விருப்பம்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று. பணம் இன்னும் போகவில்லை என்கிறீர்கள், ஆகவே செயலியிலும் மின்னஞ்சலிலும் கடன் வேண்டாம் என்று எழுதி, ரத்தானதற்கான பதிலை வாங்குங்கள். போய்விட்டிருந்தாலும், செயலிவழிக் கடனில் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பது அந்த விவரத் தாளிலேயே இருக்கும். வங்கியில் தானாகக் கழியும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு மருத்துவமனையிடம் 5,000 முன்பணத்தைக் கேளுங்கள். பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்தால் திருப்புவார்களா என்று ரசீதில் பாருங்கள். திருப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள். வட்டியும் கட்டணமுமாகப் போகவிருந்த 14,359இல் அது மூன்றில் ஒரு பங்குதான்.