சேஸிஸ் நம்பர்ல 10வது எழுத்து ‘ஜே’ன்னா எந்த வருஷ பைக்?

நீங்க வாங்கப் பாக்குற பழைய பைக்கோட சேஸிஸ் நம்பர்ல (வண்டி ஃப்ரேம்ல குத்தியிருக்குற 17 எழுத்து அடையாள நம்பர்) 10வதா வர்ற ‘ஜே’ 2018 மாடல், விக்கிறவர் சொல்ற 2019 இல்ல. 2010க்கு ‘ஏ’ன்னு ஆரம்பிச்சு வரிசையா போகும், ஆனா சேஸிஸ் நம்பர்ல ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ மூணும் வரவே வராது, 1, 0 கூட குழம்பிடும்னு விட்டுட்டாங்க. அவர் ‘ஐ’யையும் சேத்து எண்ணிருப்பார், அதான் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. இல்லன்னா 2018 வண்டி ஷோரூம்லயே நின்னு 2019ல ரெஜிஸ்டர் ஆகிருக்கலாம், அது தப்பில்ல, ஆனா விலைய 2018க்குத்தான் பேசுங்க.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஹேண்டில ஒரு பக்கம் முழுசா திருப்பி, ஸ்டீயரிங் கழுத்துல டார்ச் அடிச்சு 17 எழுத்தையும் ஒவ்வொண்ணா ஆர்சியோட ஒப்பிட்டுப் பாருங்க. விரலால தடவுங்க, எல்லாம் ஒரே ஆழத்துல ஒரே இடைவெளில இருக்கணும். அங்க மட்டும் புது பெயின்ட், அரம் போட்ட கீறல், ஒரு எழுத்து மட்டும் சாய்ஞ்சிருக்குன்னா தயவுசெஞ்சு வாங்காதீங்க. இன்ஜின் நம்பர் வேற, அதையும் தனியா பாக்கணும்.

ஒண்ணு, 10வது இடம்தான் வருஷம்னு எல்லா நாட்லயும் கட்டாயம் கிடையாது, சில கம்பெனி வேற மாதிரி போடும், அதனால அந்த கம்பெனி டீலர்கிட்ட நம்பர குடுத்து உறுதி பண்ணிக்கோங்க.