டோலமைட் மலைக்காட்டில் கண்ட மஞ்சள் திஸில்

வணக்கம். இத்தாலியின் டோலமைட் மலைகளில், பீச்சும் ஸ்ப்ரூசும் கலந்த காட்டின் ஓரத்தில் நீங்கள் கண்ட மஞ்சள் திஸில் (முட்கள் கொண்ட பூச்செடி), சிர்சியம் ஒலரேசியம் என்ற இனமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விவரிப்பின்படி, அது அதன் நெருங்கிய உறவான சிர்சியம் எரிசிதாலெஸ் என்றே கருதுகிறேன்.

ஒலரேசியத்தின் பூந்தலைகள் நிமிர்ந்து நிற்கும். வெளிறிய அகன்ற மேலிலைகள் அவற்றைச் சூழ்ந்திருக்கும். நீங்கள் கண்ட செடியிலோ, இலைகள் அநேகமாக இல்லாத நீண்ட காம்பின் நுனியில் பூந்தலை கவிழ்ந்து தொங்கியது என்றும், அதன் அடிச்செதில்கள் விரலில் ஒட்டின என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிசுபிசுப்புதான் எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் அடையாளம். ஆழமாகப் பிளவுபட்ட இலைகளும், குத்தினாலும் அதிகம் நோகாத மென்முட்களும் எரிசிதாலெஸுக்கே பொருந்துகின்றன. சுண்ணாம்புப் பாறை மண்ணையும், ஈரமான அரைநிழலையும் விரும்பும் இச்செடிக்கு டோலமைட் இயல்பான வாழிடம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிர்சியம் இனங்கள் தமக்குள் எளிதில் கலப்பதால், இரண்டின் பண்புகளும் கலந்த செடிகள் அருகருகே முளைக்கக்கூடும். ஆகவே அடியிலைகளையும் பூந்தலையின் அடிப்பகுதியையும் தனித்தனியே படமெடுத்து இங்கே இடுங்கள்; அடையாளம் காண்பதற்காகச் செடியைப் பிடுங்க வேண்டாம்.