நூறு குத்து பார்த்தாலும் ஒரு வயல் ஒரு வயல்தான்

கேள்வி: சம்பாவில் ஒரு வயலில் பி.பி.டி. 5204 நெல் ரகமும், பக்கத்து வயலில் சி.ஆர். 1009 ரகமும் நட்டேன். வயலுக்கு 100 குத்து (ஒரே இடத்தில் நட்ட நாற்றுத் தூர்) பார்த்ததில் இலையில் புள்ளி விழும் பூஞ்சை நோயான இலைக் குலைநோய் முதலாவதில் 34 சதம், அடுத்ததில் 22 சதம். சி.ஆர். 1009 நோயைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இதை வைத்துச் சொல்ல முடியாது. பி.பி.டி. 5204-க்குக் குலைநோய் எளிதில் வரும் என்பது தெரிந்ததே. ஆனால் உங்கள் 12 சத வித்தியாசம் ரகத்தால் வந்ததா, வயலால் வந்ததா? யூரியா கூடிப்போனாலும், மர நிழலில் பனி காயத் தாமதமானாலும் எந்த ரகத்திலும் நோய் ஏறும். 100 குத்தும் ஒரே வயலில் இருப்பதால் கணக்குக்கு அது ஒரே ஒரு பதிவுதான்.

வரும் சம்பாவில் வெவ்வேறு நான்கு இடங்களில் அரை சென்ட் பாத்திகள் இரண்டிரண்டாகப் போடுங்கள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். நல்ல பாத்தி எது என்று பார்த்துக் கொடுத்தால் எல்லாம் வீண். நாற்றின் வயது, உரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். இந்தப் பாத்திகளில் மட்டும் குலைநோய் மருந்தான ட்ரைசைக்ளசோல் தெளிக்க வேண்டாம்.

ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிட்டு பாத்திக்கு 25 குத்து பாருங்கள். 0 முதல் 9 வரையான அளவுகோலில் ஊசிமுனைப் பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் 1. நடுவில் சாம்பல் நிறத்தோடு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீண்ட கண் வடிவப் புள்ளி, இலைப் பரப்பில் 4 சதத்துக்குள் என்றால் 4. பாதிக்கு மேல் போனால் 8, முக்கால் பங்கைத் தாண்டினால் 9. மதிப்பெண்களைக் கூட்டி 225-ஆல் (25 × 9) வகுத்து 100-ஆல் பெருக்கினால் அந்தப் பாத்தியின் நோய்க் குறியீடு.

ஒவ்வொரு இடத்திலும் இரு ரகத்தின் வித்தியாசத்தை எடுங்கள். உதாரணத்துக்கு 14, 9, 3, 12 என்று வந்தால் சராசரி 9.5, திட்டப்பிழை (சராசரி எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதன் அளவு) 2.4. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சுமார் 4. தற்செயலாக இப்படி வர 5 சதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்று சொல்ல, நான்கு ஜோடிக்கு டி-அட்டவணைப்படி தேவை 3.18, அதைத் தாண்டுவதால் வித்தியாசம் நிஜம். ஆனாலும் உண்மையான வித்தியாசம் 2-லிருந்து 17 வரை எங்கேயும் இருக்கலாம், நான்கு இடம் அவ்வளவுதான் சொல்லும். மூன்றாவது ரகமும் சேர்த்தால் இப்படி ஜோடி ஜோடியாகப் பார்க்காமல் எல்லா ரகத்தையும் ஒரே கணக்கில் ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு (ANOVA) செய்யுங்கள்.

பி.பி.டி. பாத்தியிலேயே நோய் வராவிட்டால் அந்தப் பருவத்தின் கணக்கைத் தள்ளிவிடுங்கள். அங்கே எந்த ரகமும் சோதிக்கப்படவில்லை.

கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோயைத் தனியாக, பாத்திக்கு 100 கதிர் எண்ணிச் சதவீதமாக எடுங்கள். சி.ஆர். 1009-க்கு வயது சுமார் பத்து நாள் கூட என்பதால், ஒரே நாளில் விதைத்தால் ஒரு ரகம் பனியில் பூக்கும், மற்றது பனியிலிருந்து தப்பும். தப்புவது எதிர்ப்புச் சக்தி ஆகாது. இந்த எண்ணிக்கைக்கு மட்டும் சி.ஆர். 1009-ஐப் பத்து நாள் முன்னதாக விதைத்த தனிப் பாத்திகள் வேண்டும்.