வாசகர் கேள்வி: ஃபாலோ ஆன் வாங்கினால் எல்லாம் முடிந்ததா?

கேள்வி: டெஸ்டில் மூன்றாம் நாளிலேயே ஃபாலோ ஆன் (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி பேட்டிங்). இனி டிரா செய்தாலே பெரிது என்கிறார்கள் நண்பர்கள். ஜெயிக்க வழியே இல்லையா?

பதில்: உண்டு. ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள். எதிரணி பவுலர்களின் கால்களையும் பாருங்கள். ஃபாலோ ஆன் கொடுத்த அணி ஓய்வில்லாமல் மறுபடி பந்து வீச வேண்டும்.

2001 கொல்கத்தா டெஸ்டில் ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. 274 ரன் பின்தங்கி ஆடிய இந்தியா, மூன்றாம் நாள் முடிவில் 254/4. அப்போதும் 20 ரன் பாக்கி. நான்காம் நாள் முழுக்க லக்ஷ்மணும் திராவிடும் விக்கெட்டே விடவில்லை. லெக் ஸ்டம்புக்கு வெளியே, கரடுமுரடான இடத்தில் ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் வார்னே போட்ட பந்தை லக்ஷ்மண் இறங்கி வந்து கவர் பக்கம் அடித்த அழகை என்னவென்று சொல்வது! லக்ஷ்மண் 281, திராவிட் 180, ஜோடி சேர்த்தது 376.

இந்தியா 657/7-ல் டிக்ளேர், ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 384. கடைசி நாள் தேநீர் இடைவேளையில் ஆஸ்திரேலியா 161/3. அப்போதும் டிராதான் என்று தோன்றியது. பிறகு ஹர்பஜனும் டெண்டுல்கரும் விக்கெட்டுகளைச் சரித்தார்கள். 212 ஆல் அவுட்.

கேள்வி: ஃபாலோ ஆன் ஆடும் அணிக்கு எந்த நேரம் ஆபத்து?

பதில்: 80 ஓவர் முடிந்து புதுப் பந்து எடுத்ததும் வரும் முதல் பத்துப் பதினைந்து ஓவர்கள். அதைத் தாண்டினால் நம்பலாம்.